டிராகன் மதுரைத் தமிழ் பேசினால் என்ன?

பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டை வைத்து உலகத்தைச் சிரிக்க வைக்கின்றன சில பாட்காஸ்ட்டுகள். அதையே நாம் விளையாடும்போது மட்டும் ஏன் இங்கிலீஷுக்கு ஓடுகிறோம்?

ஜஸ்டின், டிராவிஸ், கிரிஃபின் மெக்கெல்ராய். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஹண்டிங்டன் ஊரைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள். 2010-ல் ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தார்கள். பெயர் ‘மை பிரதர், மை பிரதர் அண்ட் மீ’. ஊரார் அனுப்பும் பிரச்னைகளுக்கு யோசனை சொல்வதாகப் பேர். ஒரு யோசனையும் உருப்படியாக இருக்காது. அண்ணன் ஒன்று சொல்ல, தம்பி அதைப் பிடித்து வேறெங்கோ இழுத்துக்கொண்டு போக, கொஞ்ச நேரத்தில் கேட்ட கேள்வியே மறந்துபோயிருக்கும்.

2014 ஆகஸ்ட்டில் மூத்தவர் ஜஸ்டினுக்குக் குழந்தை பிறந்தது. அவர் விடுப்பில் இருந்த வாரத்தை ஒப்பேற்ற, வேறொரு பதிவை எடுத்துப் போட்டார்கள். மூன்று பிள்ளைகளும், ரேடியோக்காரரான அவர்கள் அப்பா கிளின்ட்டும் உட்கார்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடிய பதிவு அது. அப்படி ஒப்புக்குப் போட்டது தனி நிகழ்ச்சியாகி, ‘தி அட்வென்ச்சர் ஸோன்’ என்று பெயர் வாங்கி, முதல் கதை மட்டும் 69 எபிசோடு ஓடி 2017-ல் முடிந்தது. 2018-ல் படக்கதைப் புத்தகமாகி, நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலிலும் ஏறியது.

நான் இதைப் பெரும்பாலும் கேட்டது கோரிப்பாளையம் சிக்னலில். மேம்பால வேலை நடந்த மாதங்களில் தல்லாகுளத்திலிருந்து ஏ.வி. பாலத்தைத் தாண்டுவதற்குள் பாதி எபிசோடு முடிந்துவிடும். வெளியே ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ் சத்தம், புழுதி, ஹாரன். ஷேர் ஆட்டோவுக்குள் நான் மட்டும் இயர்போனோடு தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தம்பி, ஆஸ்பத்திரிக்கா போறீக?” என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார்.

முதலில், இது என்ன விளையாட்டு?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதிகள்தான். பலகை வேண்டியதில்லை, காய் வேண்டியதில்லை. ஒரு மேசை, நாலைந்து பேர், பென்சில், பேப்பர், பகடை இருந்தால் போதும். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் வாள்வீரர், ஒருத்தர் திருடர். “உங்கள் முன்னால் ஒரு குகை, என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உள்ளே போகலாம், புகை போடலாம், குகைக்குள் இருப்பவரிடம் சமாதானம் பேசலாம், வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்தும் தூங்கலாம்.

நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில்தான் பகடை. 20 முகம் கொண்டது. குகை வாசலில் பூட்டு இருக்கிறது, திறக்க 15 வேண்டும் என்கிறார் மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திருடருக்குக் கைவேலையில் +3 உண்டு. அப்படியானால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20-ல் 9 முகம் உங்களுக்கு, 11 முகம் பூட்டுக்கு. 45 சதவீதம் வாய்ப்பு. பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவுப் பாடத்தை இப்படி நடத்தியிருந்தால் நான் இன்னும் பத்து மார்க் வாங்கியிருப்பேன்.

தாயம் ஆடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கம். இரண்டு பித்தளைக் கட்டைகளையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதத்தில், அதாவது எட்டுக்கு ஒன்று. அந்த ஒன்று விழும்வரை காய் வெளியே வராமல் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கீழடியில் ஆட்டக்காய்களும் பகடையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வைகைக் கரையில் பகடை உருட்டுவது புதுப்பழக்கம் இல்லை.

ஒரே ஒரு வித்தியாசம். தாயத்தில் பகடை காயை நகர்த்துகிறது, இதில் கதையை நகர்த்துகிறது. ஜெயித்தவர் என்று கடைசியில் யாரும் கிடையாது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தோல்விதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், இருந்தாலும் முயற்சி செய்கிறேன். அரைமணி நேரம் நாலு பேர் கூடித் திட்டம் போடுகிறார்கள். யார் எந்தப் பக்கம் போவது, யார் காவலரைத் திசைதிருப்புவது, எல்லாம் பக்காவாக முடிவாகிறது. முதல் ஆள் பகடையை உருட்டுகிறார். 1 விழுகிறது. 20-ல் ஒன்று, 5 சதவீதம். அந்தத் திட்டம் மொத்தமும் படுத்துவிட்டது. இப்போது அந்தப் படுதோல்வியை அவரே விவரிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அதன்மேல் இன்னொரு படுதோல்வியை அடுக்குவார்கள். கேட்கிற நமக்கு வயிறு வலிக்கும்.

கவனித்துப் பாருங்கள், இதில் யாரையும் யாரும் கலாய்க்கவில்லை. நம்ம ஊர் காமெடி பெரும்பாலும் ஆள்மேல்தான் விழும். கருப்பு, குண்டு, சொட்டை, பொண்டாட்டி. சினிமாவில் கவுண்ட்டர் என்ற பெயரில் இதைப் பல வருஷமாகப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நண்பர்கள் கூட்டத்திலும் அதே மாதிரி ஒருத்தன் அகப்படுவான், அன்றைக்கு முழுக்க அவன்தான் தீனி. மதுரைக்கென்று ஒரு நக்கல் உண்டு, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அந்த நக்கல் யார் தலையில் விடிகிறது என்று பார்த்தால் எப்போதும் அதே ரெண்டு மூணு பேர்தான். பகடை அப்படி ஆள் பார்ப்பதில்லை. மேசையில் உட்கார்ந்த எல்லோருக்கும் சுற்றி ஒருநாள் 1 விழும். மானம் போவதும் பாத்திரத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. மெக்கெல்ராய் குடும்பத்தின் நிகழ்ச்சி பத்து வருஷம் தாண்டியும் சலிக்காமல் இருப்பதற்கு என் கணக்கில் இதுதான் காரணம்.

இந்தச் சிரிப்புக்கு இன்று பெரிய சந்தை இருக்கிறது. ‘கிரிட்டிக்கல் ரோல்’ என்று ஒரு குழு. எல்லோரும் டப்பிங் கலைஞர்கள். 2015-ல் தங்கள் ஆட்டத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள். 2019-ல் ஒரு அனிமேஷன் படத்துக்கு ரசிகர்களிடம் 7.5 லட்சம் டாலர் கேட்டார்கள், 1.1 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. ‘டைமென்ஷன் 20’ குழு 2025 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை நிரப்பியது. கச்சேரியும் குத்துச்சண்டையும் நடக்கும் இடத்தில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவதைப் பார்க்க டிக்கெட் எடுத்து வந்த கூட்டம். கிரிட்டிக்கல் ரோல் ஒரு ஆட்டம் நாலு மணி நேரம் ஓடும், எனக்கு அது கொஞ்சம் ஓவர். டைமென்ஷன் 20-ஐ மாஸ்டராக நடத்தும் பிரென்னன் லீ மலிகனின் வாய்வேகத்தைக் கேட்டால் ஊர்ப் பட்டிமன்றம்தான் ஞாபகத்துக்கு வரும்.

பபூனும் நாரதரும் செய்வது என்ன?

பட்டிமன்றத்தைச் சும்மா சொல்லவில்லை. கோரிப்பாளையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அமெரிக்கன் கல்லூரி. அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்தான் சாலமன் பாப்பையா. பட்டிமன்றத்தில் என்ன நடக்கிறது? உங்களுக்கு ஒரு கட்சி ஒதுக்கப்படுகிறது. அது உங்கள் சொந்தக் கருத்தாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மேடை ஏறியதும் அந்தக் கட்சிக்காரராகவே மாறிச் சண்டை போடுகிறீர்கள். நடுவர் எடுத்துக்கொடுக்கிறார், இடையில் போட்டுவிடுகிறார், கடைசியில் முடித்துவைக்கிறார். பகடை ஒன்றுதான் பாக்கி.

அதைவிட நெருக்கமான சொந்தம் ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை பக்கம் கோயில் திருவிழா என்றால் இரவு முழுக்க ‘வள்ளி திருமணம்’ நடக்கும். ஏன் ‘ஸ்பெஷல்’ என்று பெயர்? அது ஒரு கம்பெனி நாடகம் இல்லை. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து, ஆளுக்காளாகத் தனித்தனியே பேசி வரவழைக்கப்படுவார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. அன்றைக்கு இரவு அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கித்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும், அது சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுவைத்த பாதை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் பேச்சு பெரும்பாலும் அங்கேயே, அப்போதே பிறப்பது.

வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும் கட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முருகன் வந்து வள்ளியைக் கல்யாணம் பண்ணத்தான் போகிறார். அது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் நாரதர் என்ன கேட்பார், வள்ளி எப்படி மடக்குவார் என்பது யாருக்கும் தெரியாது. விடிய விடிய ஜனம் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். ஹார்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்தில் ஆல்ரவுண்ட் வாசிப்பவர் ஒருத்தர் இருப்பார். பபூன் வழுக்கி விழுந்தால் அதற்கு ஒரு சத்தம், கண்ணடித்தால் அதற்கு ஒரு சத்தம். அட்வென்ச்சர் ஸோனில் கிரிஃபின் தானே இசை போட்டுச் சேர்த்ததை ரசிகர்கள் கொண்டாடுவார்கள். நம்ம ஆல்ரவுண்ட்காரர் அதை நேரலையில் செய்கிறார்.

இந்த நாடகத்தை மதுரையில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் 2005-ல் ஒரு புத்தகமே போட்டார். அதன் தலைப்பிலேயே இந்த மேடையின் ‘களங்கங்கள்’ என்ற பொருள் வரும். காரணம் உண்டு. பபூன், டான்ஸ் காமெடியில் இரட்டை அர்த்தம் தாராளம். அதில் ஆடும் பெண்களை ஊர் பார்க்கும் பார்வை வேறு. இந்த மேடையைத் தூக்கிவைத்துக் கொண்டாடும்போது அதை மறைக்க முடியாது. மேலே சொன்ன ‘யார் தலையில் விடிகிறது’ என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது. ஆனால் எழுதிவைக்காத பேச்சை, முன்பின் தெரியாத நாலு பேர் சேர்ந்து, ஒரு இரவு முழுக்க அறுந்துபோகாமல் கொண்டுபோகும் அந்தத் திறமை இருக்கிறதே, அதற்குத்தான் அமெரிக்காவில் அரங்கு நிறைகிறது.

அப்புறம் ஏன் இங்கிலீஷ்?

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அஞ்சு பேர் விளையாடுகிறோம். இரண்டு பேர் ஐ.டி., ஒருத்தி வக்கீலுக்குப் படிக்கிறாள், ஒருத்தன் மாட்டுத்தாவணி பக்கம் மொபைல் கடை, நான். டீ குடிக்கும்வரை, “அவிங்க எப்ப வந்தாய்ங்க”, “அங்கிட்டுப் போயி உக்காரு” என்று போகும் பேச்சு, பகடையைக் கையில் எடுத்ததும் இங்கிலீஷுக்கு மாறிவிடும். அதுவும் எங்கேயோ பிறந்த ஒரு இங்கிலீஷ். மொபைல் கடைக்காரன் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொள்வான். கடையில் கஸ்டமரைச் சிரிக்க வைத்தே டெம்பர் கிளாஸ் ஒட்டி அனுப்புகிறவன் அவன். எங்கள் ஐந்து பேரில் வாய் அதிகம் அவனுக்குத்தான்.

புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது, அதனால் ஆட்டமும் இங்கிலீஷில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அது பாதிக் காரணம்தான். மீதியைத் தமிழில் ஆடிப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தோம்.

இங்கிலீஷில் ‘யூ’ ஒன்றுதான். ராணிக்கும் அதுதான், பூதத்துக்கும் அதுதான். தமிழில் வாயைத் திறந்ததும் தேர்ந்தெடுக்க வேண்டும். நீயா, நீங்களா? வாடாவா, வாங்கய்யாவா? குள்ளப் பூதம் ஒன்றைப் பிடித்துக் கட்டிப் போட்டிருக்கிறோம், அதனிடம் எப்படிப் பேசுவது? நாங்கள் அஞ்சு பேருமே யோசிக்காமல் ‘டா’ போட்டோம். அதே இரவு, பட்டுச் சட்டை போட்ட வியாபாரி ஒருவரை மாஸ்டர் கொண்டுவந்தபோது எல்லோர் வாயிலும் தானாக ‘ஐயா’ வந்தது. இத்தனைக்கும் அந்த வியாபாரி எங்களை ஏமாற்ற வந்தவன்.

இன்னொரு நாள் இதைவிடக் கடினமான இடம் வந்தது. நகரத்து வாசலில் காவலர் நிற்கிறார். இங்கிலீஷில் இந்தக் காட்சி நூறு தடவை வந்திருக்கிறது. பேர் என்ன, வந்த காரியம் என்ன, முடிந்தது. தமிழில் அன்றைக்குக் காவலராகப் பேசியவன் இயல்பாக, “யாருப்பா நீங்கள்லாம்? எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?” என்றான். மேசை ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. “தெரு வேணாமே” என்று மெதுவாகச் சொன்னாள் வக்கீல் படிப்பவள். தென்மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவன் வாயில் இருந்த தமிழ் கேட்டது.

ஆக, இங்கிலீஷ் எங்களுக்கு ஒரு குடை. அதன் கீழே மரியாதை விகுதி நனையாது, தெருப்பெயர் நனையாது. மாயாஜால உலகத்துக்குப் போகிறோம் என்று நினைத்தோம், உண்மையில் எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச நேரம் லீவு எடுத்துக்கொண்டிருந்தோம். லீவு எடுப்பது தப்பில்லை. எல்லா வாரமும் எடுத்தால்தான் இடிக்கிறது, அதுவும் அந்த லீவுக்கு மொபைல் கடைக்காரனின் வாயை அடகு வைக்க வேண்டியிருக்கும்போது.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எல்ஃப், டுவார்ஃப் மாதிரியான பிரிவுகளுக்கு நெடுங்காலம் ‘ரேஸ்’ என்றே பெயர். பிறவியிலேயே முரடு, பிறவியிலேயே புத்திசாலி என்று விதிப்புத்தகமே எழுதிவைப்பது சரியா என்று ஆடுகிறவர்களே பல வருஷம் சண்டை போட்டார்கள். 2024-ல் வந்த புதிய புத்தகத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘ஸ்பீஷிஸ்’ என்று வைத்தார்கள். இதைத் தமிழில் என்ன சொல்வது? இனம் என்றால் ஒரு அரசியல். குலம் என்றால் கோயில் வரி கட்டுபவர்கள் ஞாபகம். ‘வகை’ என்று ஒருத்தன் சொன்னான். மதுரைப் பக்கம் வகை என்றால் அடுத்தது வகையறாதான். ஒவ்வொரு சொல்லும் ஏற்கனவே யாரோ குடியிருக்கும் வீடு.

விளையாட்டுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து, எது கதையில் வரலாம், எது வேண்டாம் என்று பேசிக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ‘செஷன் ஸீரோ’ என்பார்கள். முதலில் இதைக் கேட்டபோது அமெரிக்கக்காரர்களின் அலட்டல் என்றுதான் தோன்றியது. அந்த ‘எந்தத் தெரு’வுக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை. இப்போது எங்கள் மேசையில் யார் வேண்டுமானாலும் “வேணாமே” என்றால் அந்தக் காட்சி அங்கேயே மாறும். ஏன், எதற்கு என்று கேட்பது கிடையாது.

உசுரு எவ்வளவு மிச்சம் இருக்கு?

சரி, தமிழில் ஆட ஆரம்பித்ததும் என்ன கிடைத்தது? முதலில் சொற்கள். பாத்திரத்தின் பலம், பலவீனம் எல்லாம் எழுதும் தாளுக்கு ஜாதகம் என்று பெயர் வைத்தோம். ஹிட் பாயின்ட்டுக்கு உசுரு. “எனக்கு ஏழு உசுருதான்டா மிச்சம்” என்பதில் இருக்கும் பதற்றம் இங்கிலீஷில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. 20 விழுந்தால் எல்லோரும் கத்துவது “தாயம்!” கணக்குப்படி அது தப்பு. தாயம் என்றால் ஒன்று, இங்கே ஒன்று விழுந்தால் கதை கந்தல். ஆனால் வாய் கேட்க மாட்டேன் என்கிறது. மாஸ்டருக்கு நடுவர் என்று வைத்தோம். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரர் என்ற பெயர்தான் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. கதையை அறிவிப்பவர், கேள்வி கேட்பவர், கிண்டலும் அடிப்பவர், எல்லா வேலையும் அவர்தானே.

அடுத்தது நகைச்சுவை. அட்வென்ச்சர் ஸோனில் ஜஸ்டினின் மந்திரவாதி எல்ஃபுக்குப் பெயர் டாக்கோ. அவனுடைய வாழ்நாள் தேடல் டாக்கோ என்ற தின்பண்டத்தைக் கண்டுபிடிப்பது. அமெரிக்கர்கள் விழுந்து விழுந்து சிரித்த மொக்கை இது. எனக்குச் சுமாராகத்தான் சிரிப்பு வந்தது, ஏனென்றால் டாக்கோ என் சாப்பாடு இல்லை. எங்கள் மொபைல் கடைக்காரன் தன் மந்திரவாதிக்கு ஜிகர்தண்டா சித்தர் என்று பெயர் வைத்து, “கடல்பாசி இல்லாம மந்திரம் பலிக்காதுங்க” என்று ஆரம்பித்த அன்று ஆட்டம் இருபது நிமிஷம் நின்றுபோனது. அதற்கப்புறம் அவன் வாயை மூடவே இல்லை.

கற்பனை உலகம் என்றாலே ஐரோப்பியக் கோட்டையும் பனியும்தான் என்று இருந்ததை உள்ளே இருந்தவர்களே உடைத்திருக்கிறார்கள். 2022-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனமே வெளியிட்ட ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ தொகுப்பில் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மொண்டல் எழுதிய சங்கபூமி என்ற நாடு வரும். வங்காளத்து ஆறும் சதுப்பும்தான் அதன் நிலம். அவர் இங்கிலீஷில்தான் எழுதினார். ஆனால் அந்த ஈரம் நம்ம பக்கத்து ஈரம். வங்காளத்து ஆறு அந்தப் புத்தகத்துக்குள் போகலாம் என்றால் தண்ணீர் இல்லாத வைகையும் போகலாம். தண்ணீர் இல்லாத ஆற்றில் இறங்கும் சாமியை எந்த டஞ்சன் மாஸ்டர் யோசித்திருப்பார்?

ஆரம்பிக்க என்ன செலவாகும்?

அசல் விதிப்புத்தகங்கள் விலை அதிகம், ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். ஆனால் அது இல்லாமலே ஆடலாம். 2023 ஜனவரியில் நிறுவனத்துக்கும் ரசிகர்களுக்கும் உரிமம் தொடர்பாகப் பெரிய மோதல் நடந்தது. நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். அதே ஆண்டு நிறுவனமே பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் அதை வெளியிட்டது. தமிழுக்கு நிறுவனம் வரப்போவதில்லை. நாமாகச் செய்துகொள்ள வேண்டியதுதான். சட்டப்படி தடை எதுவும் இல்லை.

அதுவும் பெரிய வேலையாகத் தெரிந்தால் இன்னொரு வழி. ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் விளையாட்டுகள் இருக்கின்றன. கிராண்ட் ஹோவிட் என்பவர் எழுதிய ‘ஹனி ஹைஸ்ட்’ அதில் ஒன்று. நீங்கள் எல்லோரும் கரடிகள், தேன் திருடப் போகிறீர்கள். ஜாதகத்தில் இரண்டே குணம், கரடி 3, களவாணி 3. சாதாரண ஆறு முகப் பகடை போதும். குணத்தின் எண்ணுக்குச் சமமாகவோ கீழேயோ விழுந்தால் காரியம் பலிக்கும். திட்டம் சொதப்பினால் களவாணியிலிருந்து ஒன்று கரடிக்கு நகரும். திட்டம் பலித்தால் கரடியிலிருந்து களவாணிக்கு. கரடி ஆறைத் தொட்டால் புத்தி கெட்டு முழு மிருகமாகிவிடுவீர்கள். களவாணி ஆறைத் தொட்டால் கூட்டாளிகளையே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள்.

நாங்கள் இதைக் கொஞ்சம் மாற்றினோம். அழகர்கோவில் மலைக் குரங்குகள், திருட வேண்டியது கோயில் தோசை. வீட்டில் இருந்த அத்தையையும் உட்கார வைத்தோம். விதி சொல்ல மூன்று நிமிஷம் ஆனது. அத்தை கேட்ட ஒரே சந்தேகம், “இதுல தாயம் போட்டாத்தான் வெளிய வரணுமா?” பத்தாவது நிமிஷத்தில் அவர் குரங்கு ஒரு டூரிஸ்ட்டின் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, “தம்பி, பிரசாத ஸ்டால் எங்கிட்டு இருக்கு?” என்று காவலரிடமே கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் குரங்கு என்பதால் இனமா, குலமா, வகையா என்ற பஞ்சாயத்தும் அன்றைக்கு இல்லை.

பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்கு

தமிழில் ஆடியோ என்றால் இப்போதைக்கு இரண்டு வகை எனக்குக் கண்ணில் படுகிறது. ஒன்று, யாராவது ‘பொன்னியின் செல்வன்’ வாசிப்பார்கள். இன்னொன்று, இரண்டு மைக்கை எதிரெதிரே வைத்து வெற்றி பெற்றவரிடம் வெற்றியைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டையும் நானும் கேட்கிறேன். ஆனால் நாலு பேர் எழுதிவைக்காமல், தோற்றுத் தோற்று, ஒரு கதையைச் சேர்ந்து கட்டும் சத்தம் அதில் இல்லை. யூடியூபில் ‘பரிதாபங்கள்’ முதல் ‘நக்கலைட்ஸ்’ வரை பாத்திரமாக மாறிச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பகடையைக் கொடுத்தால் அவர்கள் ஆடிவிடுவார்கள்.

இருந்தாலும் நான் முதலில் கூப்பிடுவது அவர்களை இல்லை. ஒரு நாரதர், ஒரு வள்ளி, ஒரு பபூன், ஓரத்தில் ஆல்ரவுண்ட். 2020-ல் ஊரடங்கு வந்தது பங்குனியில். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சித்திரைத் திருவிழாவே ஜனம் இல்லாமல் நடந்தது. திருவிழாவை நம்பி வாழும் நாடகக்காரர்களுக்கு மேடையே இல்லாமல் போன காலம் அது. கொரோனா போன பிறகும் திருவிழா மாதங்கள் முடிந்தால் அவர்கள் காலண்டர் காலிதான். அந்த மாதங்களில் ஒரு அறை, நாலு மைக், பஸ் செலவு, மேடைக்குக் கொடுக்கும் அதே சம்பளம், ஒரு 20 முகப் பகடை. விதியை விளக்க எங்கள் அத்தைக்கு ஆன மூன்று நிமிஷத்துக்கு மேல் அவர்களுக்கு ஆகாது.